கோப் எடை ஆடினால் உடனே டியூப்பைத் தொடாதீர்கள்

கண்ணாடி பாட்டில் ஆலையில், உருகிய கண்ணாடியைப் பாட்டிலாக்கும் ஹாட் எண்டில் வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கோப்பின், அதாவது பாட்டிலாகப் போகும் உருகிய கண்ணாடித் துண்டின் எடை கூடுகிறது, குறைகிறது என்று மெஷின் ஆப்பரேட்டர் குரல் கொடுப்பார். மெஷினுக்குக் கண்ணாடியை அளந்து விடும் ஃபீடரைக் கவனிக்கும் ஃபீடர்காரர் படியேறிப் போய், அதன் டியூப்பை ஏற்றவோ இறக்கவோ ஒரு திருப்புத் திருப்புவார். எடை சரியாகிவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் குரல் வரும், மறுபடியும் திருப்புவார். ஷிஃப்ட் முழுக்க இப்படியே ஓடும். காலையில் கணக்கு எடுத்தால் பேக்கிங் குறைந்திருக்கும், ஆறிய பாட்டிலைச் சோதிக்கும் கோல்டு எண்டில் கழித்துப் போட்ட பாட்டில் குவிந்திருக்கும். ஆனால் யாரும் சும்மா இருந்ததாகச் சொல்ல முடியாது, எல்லோரும் இரவெல்லாம் வேலை செய்திருப்பார்கள்.

இந்தத் திருப்பலை எப்படிக் குறைப்பது என்று எழுதுகிறேன். குஜராத்தில் மருந்து பாட்டில்கள் செய்யும் ஓர் ஆலையில் ஃபோர்ஹார்த், ஃபீடர் பக்கம் நீண்ட காலம் வேலை பார்த்தேன். அங்கே கற்றதுதான் இதில் பெரும்பகுதி. இந்தத் துறைக்குப் புதிதாக வரும் டிப்ளமோ, இன்ஜினியரிங் பிள்ளைகளுக்குத் தமிழில் படிக்க அதிகம் கிடைப்பதில்லை. அவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். உலையில் மணல், சோடா ஆஷ், சுண்ணாம்புக்கல், உடைந்த கண்ணாடியான கல்லட் எல்லாம் 1500 டிகிரிக்கு மேல் உருகுகின்றன. உருகிய கண்ணாடி அடியிலுள்ள த்ரோட் வழியாக வொர்க்கிங் எண்டுக்கு வருகிறது. அங்கிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு ஃபோர்ஹார்த் பிரிகிறது. நெருப்புச் செங்கல்லால் கட்டிய ஆழமில்லாத கால்வாய் அது. மேலே மூடி, இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்ன பர்னர்கள், நடுவில் குளிர்காற்று. கால்வாயின் கடைசியில் கிண்ணம் மாதிரி ஸ்பவுட். அதற்குள் சுற்றிக்கொண்டே இருக்கும் டியூப், டியூப்புக்குள் ஏறி இறங்கும் நீடில். நீடிலைச் சில இடங்களில் ப்ளஞ்சர் என்பார்கள். ஸ்பவுட்டின் அடியில் ஆரிஃபிஸ் ரிங். ரிங்கின் துளை வழியாகக் கண்ணாடி தொங்கி இறங்கும்போது ஷியர் என்ற கத்தரி வெட்டுகிறது. வெட்டி விழும் அந்தத் துண்டுதான் கோப். ஸ்கூப், ட்ரஃப், டிஃப்ளெக்டர் என்ற சரிவுப் பாதைகள் வழியாக வழுக்கிக்கொண்டு போய், பாட்டிலுக்கு முதல் உருவம் தரும் மெஷினின் ப்ளாங்க் அச்சுக்குள் விழும்.

ஒரு பாட்டிலின் எடை, சுவரின் கனம், கொள்ளளவு எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த வெட்டு நடக்கும் நொடியிலேயே முடிவாகிவிடுகிறது. அதற்கப்புறம் மெஷினில் எவ்வளவு திறமை காட்டினாலும் கெட்ட கோப்பை நல்ல பாட்டில் ஆக்க முடியாது.

இங்கே வரலாற்றில் ஒரு விஷயம் சொல்லவேண்டும், ஏனென்றால் பிரச்சினையின் வேர் அங்கே இருக்கிறது. அமெரிக்காவில் மைக்கேல் ஓவன்ஸ் 1903-ல் இயக்கிக் காட்டிய பாட்டில் மெஷின் கண்ணாடியை அச்சுக்குள் உறிஞ்சி எடுத்தது. அச்சு நிறைந்ததும் கத்தி அடியில் வெட்டிவிடும். அதாவது எவ்வளவு கண்ணாடி என்பதை அச்சே அளந்தது. பிறகு அங்கேயே ஹார்ட்ஃபோர்ட் நகரில் கார்ல் பெய்லர் போன்றவர்கள் கோப் ஃபீடரை வளர்த்தெடுத்தார்கள். 1920-களில் ஹென்றி இங்கிள், தனித்தனிச் செக்ஷன்களால் ஆன ஐஎஸ் மெஷினைக் கொண்டுவந்தார். வேகம் கூடியது, ஒவ்வொரு செக்ஷனையும் தனியாக நிறுத்திச் சரிசெய்ய முடிந்தது. இன்று உலகத்தில் பெரும்பாலான பாட்டில்கள் இந்த முறையில்தான் வருகின்றன. ஆனால் அளவு பார்க்கும் வேலை அச்சின் கையை விட்டுப் போய்விட்டது. ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் துளை வழியாக எவ்வளவு இறங்குகிறதோ அதுதான் எடை. எவ்வளவு இறங்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது கண்ணாடியின் வெப்பம்.

கணக்காகவே பார்க்கலாம். பாகுத்தன்மையை, அதாவது ஓடாமல் தயங்கும் கெட்டித்தன்மையை, பாய்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். சாதாரண சோடா-லைம் கண்ணாடி 1000 பாய்ஸ் பாகுத்தன்மையை அடைவது சுமார் 1180 டிகிரியில். அதுவே பத்து மடங்கு கெட்டியாகி 10,000 பாய்ஸ் ஆவது சுமார் 1030 டிகிரியில். 150 டிகிரி இடைவெளியில் பத்து மடங்கு என்றால், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் பாகுத்தன்மை மாறுகிறது. நீடிலும் டியூப்பும் இதைக் கொஞ்சம் அடக்குவதால் ஒரு டிகிரி மாறினால் எடையில் சுமார் ஒரு சதவீதம் என்று வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். 150 கிராம் பாட்டிலுக்கு அது ஒன்றரை கிராம். ஸ்பவுட்டில் ஐந்து டிகிரி ஏறி இறங்கினாலே ஏழெட்டு கிராம் ஆடும். இப்படி ஆடும் எடையை டியூப்பைத் திருப்பித் துரத்திப் பிடிக்க யாராலும் முடியாது.

எடை குறைந்தால் பாட்டில் மெலிந்து உடையும் என்ற பயத்தில் எல்லா ஆலையிலும் கொஞ்சம் கூட்டியே வைப்பார்கள். எட்டு செக்ஷன் கொண்ட, ஒரே வெட்டில் இரண்டு கோப் விழும் டபுள் கோப் மெஷின் நிமிடத்துக்கு 160 பாட்டில் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் 2,30,400 பாட்டில். பாட்டிலுக்கு இரண்டு கிராம் கூடுதலாகப் போனால் ஒரு நாளைக்கு 460 கிலோ கண்ணாடி வீண். அதை உருக்கிய எரிவாயு வேறு. எடை ஆடாமல் நின்றால்தான் இந்த இரண்டு கிராமைத் தைரியமாகக் குறைக்க முடியும்.

இனி எங்கள் ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். 200 மில்லி ஆம்பர் (பழுப்பு நிற) சிரப் பாட்டில், எடை 150 கிராம். பகலில் ஒருமாதிரி ஓடும். இரவு ஷிஃப்டில் எடை ஆடும், கூடவே பாட்டிலின் ஒரு பக்கச் சுவர் மெலியும். எடை மட்டும் ஆடினால் ஒரு காரணம் தேடலாம். ஒரே பக்கம் மெலிகிறது என்றால் கோப்புக்குள்ளேயே வெப்பம் சமமாக இல்லை என்று அர்த்தம். ப்ளாங்க்கில் ஊதும்போது சூடான பக்கம் அதிகமாக இழுபடும், குளிர்ந்த பக்கம் கனமாக நின்றுவிடும்.

அங்கே ஃபிரோசாபாத்திலிருந்து வந்த வயதான ஃபீடர் மிஸ்திரி ஒருவர் இருந்தார். நாங்கள் எல்லோரும் சாச்சா என்று கூப்பிடுவோம். வளையலுக்குப் பேர்போன அந்த ஊரில் சிறுவயதிலிருந்தே கண்ணாடியோடு வளர்ந்தவர். அவர் கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கமாட்டார். ஷியருக்குக் கொஞ்சம் தள்ளி, நீலக் கண்ணாடி வைத்துக்கொண்டு நிற்பார். "பேட்டா, கோப் எந்தப் பக்கம் சாயுதுன்னு பாரு" என்பார். துளையிலிருந்து இறங்கும் கண்ணாடி நேராகத் தொங்கவேண்டும். ஒரு பக்கம் குளிர்ந்திருந்தால் அந்தப் பக்கம் தயங்கும், சூடான பக்கம் முந்தும், கோப் குளிர்ந்த பக்கமாக வளையும். ஷியர் சரியாக அமையாவிட்டாலும், கோப் நேராக விழ வழிகாட்டும் ட்ராப் கைடு இடித்தாலும் சாயும். அதனால் வெட்டுக்கு முன்னாலேயே வளைகிறதா, வெட்டும்போது தள்ளப்படுகிறதா என்று பிரித்துப் பார்க்கவேண்டும். அன்று அது வெட்டுக்கு முன்னாலேயே இடது பக்கம் வளைந்துகொண்டிருந்தது.

திரைக்கு வந்து ஒன்பது புள்ளி வெப்பத்தைப் பார்த்தோம். ஃபோர்ஹார்த்தின் கடைசிப் பகுதிக்கு ஈக்வலைசிங் ஸோன் என்று பெயர். அங்கே இடது, நடு, வலது என வெப்பம் அளக்கும் மூன்று தெர்மோகப்பிள்கள் கண்ணாடிக்குள் இறங்கியிருக்கும். ஒவ்வொன்றும் மேல், நடு, அடி என மூன்று ஆழத்தில் அளக்கும். மொத்தம் ஒன்பது எண். இடது அடிப்புள்ளி, மையத்தைவிட 14 டிகிரி குறைவாக இருந்தது. வலது அடியில் அதில் பாதிதான் வித்தியாசம். டியூப் சுற்றுவதால் பக்கவாட்டு வித்தியாசம் ஓரளவு கலந்துவிடும். ஆனால் 14 டிகிரியை அதனால் கரைக்க முடியாது.

அடி குளிர்வது ஆம்பருக்கு இயல்புதான், அதையும் புரிந்துகொள்ள வேண்டும். வெள்ளைக் கண்ணாடியில் கதிர்வீச்சு நன்றாக ஊடுருவும், மேலே கொடுக்கும் வெப்பம் அடிவரை போகும். ஆம்பரிலும் பச்சையிலும் உள்ள இரும்பு அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சிவிடும். மேலே எரியும் பர்னரின் வெப்பம் மேலேயே தங்கிவிடும். ஆறு அங்குல ஆழம்தான், ஆனாலும் அடி தனி உலகமாகக் கிடக்கும். வெள்ளைக்குப் பழகிய செட்டிங்கை ஆம்பருக்கு அப்படியே போட்டால் வேலைக்கு ஆகாது. ஒன்பது புள்ளியை வைத்து, வெப்பம் எவ்வளவு சமமாக இருக்கிறது என்று காட்டும் ஒரு எஃபிஷியன்சி எண் கணக்கிடுவார்கள். அந்த எண் நல்லது, ஆனால் அதை மட்டும் பார்ப்பவர்கள் எந்தப் புள்ளி கெட்டது என்று பார்க்க மறந்துவிடுகிறார்கள். எண்ணைவிட வடிவம் முக்கியம். அடி மூன்றும் சமமாகக் குளிர்ந்திருந்தால் அது கால்வாய் முழுவதற்கும் உள்ள சங்கதி. ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தப் பக்கத்தில் ஏதோ உடைந்திருக்கிறது, அடைத்திருக்கிறது, திறந்திருக்கிறது.

எங்களுக்கு மூன்றும் இருந்தது. இடது பக்கத்து பர்னர் நாசில்களில் சில அடைத்துப்போய்ச் சுடர் குட்டையாக எரிந்தது. கால்வாயின் இடது சுவருக்கு வெளியே இருந்த இன்சுலேஷன் செங்கல் ஓரிடத்தில் நகர்ந்து இடைவெளி விழுந்திருந்தது. அப்புறம், அந்தப் பக்கத்து ஷட்டரை இரவில் புழுக்கத்துக்காகத் திறந்து வைப்பார்கள். காற்று நேராக அந்த இடைவெளியில்தான் அடிக்கும். இரவில் மட்டும் ஆடியதன் காரணம் அதுதான். ஷட்டரைத் திறந்தவர்கள் மேல் குற்றமே இல்லை. ஃபீடர் மேடையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே காற்று இல்லாமல் எட்டு மணி நேரம் நிற்க முடியாது. அவர்களுக்கு வேறு பக்கத்திலிருந்து காற்று வரும்படி ஃபேன் வைத்துக் கொடுத்த பிறகுதான் ஷட்டரை மூடச் சொன்னோம்.

நாசில்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுத்தம் செய்தோம். இன்சுலேஷனை அடைத்தோம். இரண்டு பக்கச் சுடரும் ஒரே நீளத்தில் இருக்கும்படி வைத்தோம். மூடியின் மேல், புகை போகும் வழியைத் திறந்து மூடும் எக்ஸாஸ்ட் டேம்பர்களையும் பார்த்தோம். ஃபோர்ஹார்த்துக்குள் அழுத்தம் வெளியைவிட ஒரு துளி கூடுதலாகவே இருக்கவேண்டும், அப்போதுதான் சந்து பொந்து வழியாகக் குளிர்காற்று உள்ளே வராது. டேம்பரை அதிகம் திறந்து வைத்தால் உள்ளிழுப்பு உண்டாகி ஸ்பவுட் மூடியின் விரிசல் வழியே காற்றை உறிஞ்சும். சந்தில் சுடரின் நுனி லேசாக வெளியே எட்டிப் பார்த்தால் சரி. உள்பக்கம் இழுத்தால் தப்பு. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

இடது பக்கம் சரியானது, ஆனால் அடி முழுவதும் இன்னும் குளிர்ந்துதான் இருந்தது. இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது வருகிறது. ஃபோர்ஹார்த்தின் பின்பகுதி கூலிங் ஸோன், முன்பகுதி ஈக்வலைசிங் ஸோன். பெயரிலேயே வேலை இருக்கிறது. வெப்பத்தை எடுக்கவேண்டிய இடம் பின்பகுதி. முன்பகுதியில் கண்ணாடியைச் சும்மா விட்டு, மேல், அடி, ஓரம், நடு எல்லாம் ஒன்றோடொன்று சமமாக நேரம் கொடுக்கவேண்டும். ஆனால் எந்த ஆலையிலும் அவசரத்தில் கை போவது முன்பகுதி பர்னருக்கும் ஸ்பவுட் பர்னருக்கும்தான். எடை குறைகிறதா, ஸ்பவுட்டில் நெருப்பைக் கூட்டு. அது மேல்தோலை மட்டும் சூடாக்கும். அடி அப்படியே இருக்கும். எண் ஏறியதாகத் தெரியும், கோப் இன்னும் மோசமாகும்.

அதனால் நாங்கள் உலைக்காரர்களிடம் போனோம். உலை பார்ப்பவர்கள் வொர்க்கிங் எண்டைச் சூடாகவே வைத்திருக்க விரும்புவார்கள், அவர்களுக்கு அதுதான் பாதுகாப்பு. ஆனால் உள்ளே வரும் கண்ணாடி தேவைக்குமேல் சூடாக இருந்தால், அந்தக் குட்டைக் கால்வாய்க்குள் அவ்வளவு வெப்பத்தையும் நாங்கள் எடுத்தாகவேண்டும். கூலிங் காற்று முழுசாகத் திறந்திருக்கும், ஓரங்கள் உறையாமல் இருக்க பர்னரும் பலமாக எரியும். ஒரு பக்கம் காற்று, ஒரு பக்கம் நெருப்பு, இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடும். எரிவாயுவும் வீண், கண்ணாடியும் கலங்கும். வொர்க்கிங் எண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக 15 டிகிரிவரை இறக்கித் தரும்படி கேட்டோம். மற்ற மெஷின்களுக்குப் பாதிப்பு வருமா என்று அவர்கள் தயங்கியது நியாயம்தான். ஒவ்வொரு ஷிஃப்டிலும் இரண்டு டிகிரி என்று பேசி முடிவெடுத்து இறக்கினோம். காற்று வால்வு பாதிக்குமேல் மூடிக்கொண்டது. முன்பகுதி பர்னர்கள் அடங்கின. அடிப்புள்ளிகள் மையத்திலிருந்து ஐந்தாறு டிகிரிக்குள் வந்தன. ஆம்பருக்கு அது நல்ல நிலை. டியூப்பைத் திருப்பும் வேலை ஷிஃப்டுக்கு ஒன்றிரண்டு தடவை என்று அடங்கியது. சில இரவுகளில் அதுவும் தேவைப்படவில்லை.

ஃபோர்ஹார்த் சரியாக வேண்டுமா, உலையிடம் பேசுங்கள். இரண்டு டிபார்ட்மென்ட், இரண்டு மேனேஜர் என்று பிரிந்து கிடக்கும் ஆலைகளில் இது நடப்பதே இல்லை. கண்ணாடிக்கு அந்தக் கோடு தெரியாது, அது தொடர்ந்து ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அடுத்தது பொறுமை. இதற்கும் கணக்கு உண்டு. எங்கள் கால்வாய் 26 அங்குல அகலம், 6 அங்குல ஆழம், ஐந்தரை மீட்டர் நீளம். உள்ளே இருக்கும் கண்ணாடி சுமார் 1.3 டன். 150 கிராம் பாட்டில் நிமிடத்துக்கு 160 என்றால் மணிக்கு 1.44 டன் போகிறது. அதாவது கூலிங் ஸோனில் நுழையும் கண்ணாடி ஸ்பவுட்டுக்கு வந்து சேர சராசரியாக 54 நிமிடம். இது சராசரிதான். மேலே நடுவில் ஓடும் கண்ணாடி சீக்கிரம் வந்துவிடும், ஓரமும் அடியும் தாமதிக்கும். பின்பகுதியில் ஒரு செட்பாயிண்டை மாற்றிவிட்டு கால் மணி நேரத்தில் எடையைப் பார்த்து, மாறவில்லையே என்று இன்னொரு மூன்று டிகிரி கொடுத்தால், ஒரு மணி நேரம் கழித்து இரண்டு மாற்றமும் சேர்ந்து வந்து இடிக்கும். அப்போது எதிர்ப்பக்கம் திருப்புவார்கள். இந்த ஊஞ்சலை நீங்கள் ட்ரெண்ட் கிராஃபில் பார்க்கலாம். ஏற்றமும் இறக்கமும் ஒரே இடைவெளியில் வருகிறதென்றால் அதைச் செய்வது கண்ணாடி இல்லை, கை.

உங்கள் கால்வாய்க்கு இந்த நேரத்தைக் கணக்கிட்டு ஃபீடர் மேடையில் எழுதி ஒட்டிவிடுங்கள். பாட்டில் எடை மாறும்போது, வேகம் மாறும்போது இதுவும் மாறும். எங்கள் ஆலையில் ஜாப் கார்டிலேயே இதைச் சேர்த்தோம். பின்பகுதியை மாற்றினால் அந்த நேரம் முடியும்வரை இன்னொரு மாற்றம் கிடையாது, அவசரம் என்றால் டியூப்பை மட்டும் திருப்பிக்கொள்ளலாம், திருப்பியதை எழுதிவைக்கவேண்டும் என்று வைத்தோம். எழுதிவைப்பது மிக முக்கியம். முந்தைய ஷிஃப்ட் என்ன செய்தது என்று தெரியாமல் அடுத்த ஷிஃப்ட் அதையே திருத்துவதுதான் பாதி ஆட்டத்துக்குக் காரணம்.

வெளியிலிருந்து வரும் ஆட்டங்களும் உண்டு. பக்கத்து மெஷின் ஜாப் சேஞ்சுக்கு, அதாவது வேறு பாட்டிலுக்கு மாற, நின்றால் உலையிலிருந்து மொத்தமாக இழுக்கப்படும் கண்ணாடி குறையும். வொர்க்கிங் எண்டில் வெப்பம் நகரும், ஒன்றும் செய்யாமல் ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் ஃபோர்ஹார்த்துக்கு வரும் கண்ணாடி மாறும். அதனால் ஜாப் சேஞ்ச் அட்டவணை எல்லா ஃபீடர்காரர்களுக்கும் முன்கூட்டியே தெரியவேண்டும். கல்லட் விகிதத்தைத் திடீரென்று மாற்றினால் ஆம்பரின் நிறம் நகரும். நிறம் நகர்ந்தால் வெப்பம் ஊடுருவுவது மாறும், அடிப்புள்ளிகள் மாறும். மூலப்பொருள் கலக்கும் பேட்ச் ஹவுஸில் நடந்தது ஒரு நாள் கழித்து ஸ்பவுட்டில் தெரியும். உலையில் கண்ணாடி மட்டமும் அப்படித்தான். துளைக்கு மேலே நிற்கும் கண்ணாடியின் உயரமே 15-20 சென்டிமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டர் மட்டம் இறங்கினால் ஏறக்குறைய அரை சதவீத அழுத்தம் போய்விடும். லெவல் கன்ட்ரோல் கால் மில்லிமீட்டருக்குள் நிற்கவில்லை என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இதையெல்லாம் பார்த்த பிறகுதான் இயந்திரப் பகுதி. அதில் எனக்கு முக்கியமாகப் படுவதை மட்டும் சொல்கிறேன். டியூப் சுற்றுகிறதா என்று ஒவ்வொரு ரவுண்டிலும் கண்ணால் பாருங்கள். பெல்ட்டோ செயினோ நழுவி அது நின்றுபோனால் சில நிமிடங்களிலேயே கோப் ஒரு பக்கம் இழுக்கும், திரையில் எந்த எண்ணும் மாறியிருக்காது. எடையை மொத்தமாக ஏற்ற இறக்க டியூப்பின் உயரம். டபுள் கோப்பில் முன் கோப்புக்கும் பின் கோப்புக்கும் எடை வித்தியாசம் இருந்தால் அந்தந்த நீடிலின் உயரம். நீடிலின் ஸ்ட்ரோக்கும் (ஏறி இறங்கும் தூரம்) ஷியரோடு அது சேரும் நேரமும் கோப்பின் வடிவத்துக்கு. இந்த மூன்று வேலையையும் கலக்கக் கூடாது. எடை குறைந்தது என்று நீடிலை இழுத்தால் வடிவமும் கெடும், கோப் குட்டையாகக் கொழுத்துவிடும், ப்ளாங்க்குக்குள் இறங்கும்போது ஓரத்தில் உரசி லோடிங் மார்க் விழும்.

ரிங் அளவைத் தேர்ந்தெடுப்பதில் ஓர் ஆலைப் பழக்கம் உண்டு. கையில் இருக்கும் ரிங்கைப் போட்டுவிட்டு மிச்சத்தை வெப்பத்தால் சமாளிப்பது. துளை சின்னது என்பதால் கண்ணாடியைச் சூடேற்றினால் மெஷினில் பாட்டில் ஆறாமல் சாயும், வேகத்தைக் குறைக்கவேண்டி வரும். துளை பெரியது என்பதால் குளிரவிட்டால் ஷியர் மார்க், அதாவது வெட்டுத் தழும்பு, ஆழமாகும். கோப்பின் வெப்பத்தை முதலில் முடிவு செய்து, அதற்கு ஏற்ற ரிங் போடவேண்டும். கால் அங்குலம், எட்டில் ஒரு பங்கு அங்குலம் என்ற இடைவெளியில் ரிங் அளவுகள் கையிருப்பில் இருந்தால் ஜாப் சேஞ்ச் எவ்வளவு அமைதியாக முடியும் என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். புது ரிங்கையும் டியூப்பையும் நன்றாகச் சூடேற்றிய பிறகே மாட்டவேண்டும். அவசரத்தில் அரைகுறையாகச் சூடேற்றி மாட்டினால் விரிசல் விடும், அதிலிருந்து உதிரும் கல் பாட்டிலுக்குள் போகும்.

ஷியர் ப்ளேடுக்குக் கூர்மையும், அளவான ஸ்ப்ரேயும் போதும். ஸ்ப்ரே அதிகமானால் கோப்பின் நுனி குளிர்ந்து பாட்டிலின் அடியில் தழும்பாகத் தெரியும். ட்ரஃபும் டிஃப்ளெக்டரும் சுத்தமாக, பூச்சு தேயாமல் இருக்கவேண்டும். ஒரு செக்ஷனில் மட்டும் கோப் தாமதமாக விழுந்தால் ஃபீடரைத் திட்டாமல் அந்தச் செக்ஷனின் டெலிவரியைப் பாருங்கள். எல்லாச் செக்ஷனிலும் ஒரே தப்பு வந்தால் ஃபீடர், ஒரு செக்ஷனில் மட்டும் வந்தால் அதற்குக் கீழே. இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே வீண் வேலை பாதி குறையும்.

இப்போது நேரோ நெக் ப்ரெஸ் அண்ட் ப்ளோ முறை பரவியிருக்கிறது. பாட்டிலை இன்னும் மெலிதாகச் செய்யலாம், ஆனால் எடையில் துளியும் சலுகை கிடையாது. ப்ளாங்க்குக்குள் உலோக ப்ளஞ்சர் (இது ஃபீடரின் நீடில் இல்லை) ஏறிக் கண்ணாடியை அழுத்துகிறது. கண்ணாடி கூடினால் போக இடமில்லை, குறைந்தால் பாட்டிலின் வாய்ப்பகுதி நிரம்பாது. அதில் ஒரு நல்லது உண்டு. ப்ளஞ்சர் எவ்வளவு தூரம் ஏறியது என்று சென்சார் அளந்து, அதை வைத்து எடையைக் கணக்கிட்டு, ஃபீடர் டியூப்பைத் தானாகவே நகர்த்துகிறது. அருமையான ஏற்பாடு. ஆனால் இதைப் போட்ட ஆலைகளில் புதுச் சோம்பல் ஒன்று வருகிறது. எடை வரைபடம் நேர்கோடாக நிற்கிறதே என்று யாரும் ஃபோர்ஹார்த்தைப் பார்ப்பதில்லை. அந்த நேர்கோட்டுக்குப் பின்னால் டியூப் இரவெல்லாம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். எடை சரி, ஆனால் கோப்பின் வெப்பம் மாறிக்கொண்டே இருக்கும், சுவர்க் கனம் பழையபடி ஆடும். தானியங்கி இருக்கும் இடத்தில் எடை வரைபடத்தோடு டியூப் நிலையின் வரைபடத்தையும் சேர்த்துத் திரையில் வையுங்கள். டியூப் அசைவதுதான் ஃபோர்ஹார்த்தின் உண்மையான ரிப்போர்ட்.

கடைசியாக அந்த ஒன்பது புள்ளி தெர்மோகப்பிளைப் பற்றி. பிளாட்டினம் உறை போட்டது, விலை அதிகம், அதனால் மாற்றத் தயங்குவார்கள். வயதானால் அது மெல்ல நகரும், சட்டென்று கெட்டுப்போகாது. பின்பகுதியில் ஒரு மாற்றம் கொடுத்துவிட்டு ஒன்பது எண்ணும் எப்படி அசைகின்றன என்று அவ்வப்போது பாருங்கள். எட்டு அசைந்து ஒன்று மட்டும் அசையாமல் நின்றால் அந்த எண்ணை நம்பி எதையும் திருப்பாதீர்கள். இன்ஸ்ட்ருமென்ட் ஆளைக் கூப்பிட்டு முதலில் அதன் வயரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் சரியாக இருந்தால் தெர்மோகப்பிளையே மாற்றும்படி எழுதிக் கொடுங்கள்.